400 பேர் கை தூக்கினாலும்

2024 மே மாதத் தேர்தலில் தென்னாப்பிரிக்காவின் எங்கள் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் எம்.கே. கட்சி 45 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கியது. முன்னாள் ஜனாதிபதி ஜேக்கப் ஜூமாவின் கட்சி. அது பிறந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வேலை, மின்சாரம், நிலம் என்று எல்லாக் கட்சியும் பேசுவதைத்தான் அவர்களும் பேசினார்கள். ஆனால் தேர்தல் அறிக்கையில் மற்றப் பெரிய கட்சிகள் சொல்லாத ஒன்றும் இருந்தது. அரசியல் சாசனமே எல்லாவற்றுக்கும் மேல் என்கிற ஏற்பாட்டைக் கைவிட்டு, நாடாளுமன்றமே எல்லாவற்றுக்கும் மேல் என்று ஆக்குவோம் என்றார்கள். அதாவது, நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை எந்த நீதிமன்றமும் செல்லாது என்று சொல்ல முடியாது.

தேர்தல் முடிந்த வாரம் பக்கத்து வீட்டு அண்ணன் வேலி ஓரமாக வந்து நின்றார். டர்பன் நகராட்சியில் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி, டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்துக்கு வந்தவள்; அவருடையது நாலு தலைமுறைக்கு முன் கப்பலேறி வந்த வட ஆற்காட்டுத் தமிழ். "தங்கச்சி, நாம ஓட்டு போட்டு 400 பேரை அனுப்புறோம். யாரும் ஓட்டு போடாத 11 பேரு ஜோஹானஸ்பர்க்ல உக்காந்துக்கினு செல்லாதுன்றாங்க. இது இன்னா நாயம்?"

நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் இது புதிதல்ல. 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டத்தை 1994இல் ஒன்பதாவது அட்டவணைக்குள் கொண்டுபோய் வைத்ததே, டெல்லியில் உள்ள நீதிபதிகள் அதில் கை வைக்கக்கூடாது என்பதற்காகத்தான். அப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் சட்டமன்றத்தின் பக்கம். 2007இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அந்த அட்டவணையில் வைத்த எந்தச் சட்டத்தையும் நாங்கள் சோதித்துப் பார்க்கலாம் என்றபோது அப்பா தொலைபேசியில் கோபப்பட்டது நினைவிருக்கிறது. ஆகவே அண்ணனிடம் "அது அப்படித்தான், சாசனம்" என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் வேலி ஓரத்தில் சொல்லத் தொடங்கியதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நாடாளுமன்றமே மேல் என்பது இந்த நாட்டுக்குப் புதிய யோசனை இல்லை. 1910இலிருந்து 1994 வரை இங்கே இருந்தது அதுதான். லண்டனிலிருந்து இறக்குமதியான ஏற்பாடு. நாடாளுமன்றம் போட்டதெல்லாம் சட்டம். நீதிபதியின் வேலை அதற்குப் பொருள் சொல்வது மட்டும். இந்த விதிக்கு மிகச் சில விலக்குகள் இருந்தன. அதில் ஒன்றை வைத்து நடந்த இழுபறியைத்தான், இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்கிறேன்.

கேப் மாகாணத்தில் கலப்பின மக்களுக்கு, அதிலும் ஆண்களுக்கு மட்டும், வெள்ளையரோடு ஒரே பட்டியலில் ஓட்டுரிமை இருந்தது. அதை எடுக்க வேண்டுமானால் இரு அவைகளும் ஒன்றாக உட்கார்ந்து மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் நிறைவேற்ற வேண்டும் என்று, இந்த நாட்டை ஒன்றியமாக்கிய 1909ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 1948இல் நிறவெறிக் கொள்கையோடு ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சிக்கு அந்தப் பலம் இல்லை. 1951இல் சாதாரணப் பெரும்பான்மையிலேயே சட்டத்தை நிறைவேற்றி, அவர்களைத் தனிப் பட்டியலுக்குத் தள்ளியது. ஓட்டர்கள் நான்கு பேர் வழக்குப் போட்டார்கள். 1952 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் செல்லாது என்றார்கள். ஐந்து பேருமே வெள்ளையர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அரசு என்ன செய்தது தெரியுமா? 'நாடாளுமன்ற உயர் நீதிமன்றம்' என்று ஒன்றை உண்டாக்க ஒரு சட்டம் போட்டது. எம்.பி.க்களும் செனட்டர்களும்தான் அதன் நீதிபதிகள். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு சட்டத்தைத் தள்ளினால் இவர்கள் உட்கார்ந்து அந்தத் தீர்ப்பை மாற்றலாம். தேர்வு எழுதியவனே விடைத்தாளைத் திருத்துகிற கதை. அந்த ஆண்டு ஆகஸ்டில் உண்மையிலேயே கூடினார்கள், உண்மையிலேயே தீர்ப்பை மாற்றினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் போகவில்லை. நவம்பரில் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம், இது நீதிமன்றமே இல்லை, வேறு பெயரில் உட்கார்ந்திருக்கிற நாடாளுமன்றம் என்று சொல்லி அந்தச் சட்டத்தையும் தள்ளியது.

படத்தில் என்றால் இடைவேளையில் கைதட்டல் எழுந்திருக்கும். இரண்டாம் பாதி வேறு. 1955இல் புதிய பிரதமர் ஸ்ட்ரெய்டொம் இரண்டு காரியம் செய்தார். இப்படிப்பட்ட வழக்கைக் கேட்க 11 நீதிபதிகள் உட்கார வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டு, அதற்காகப் புதிய நீதிபதிகளை நியமித்தார். செனட்டின் இடங்களை 48இலிருந்து 89 ஆக்கி, தன் ஆட்களால் நிரப்பினார். இப்போது இரு அவைகளும் ஒன்றாக உட்கார்ந்தால் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிடும். கிடைத்தது. 1956இல் ஓட்டுரிமை போனது. மறுபடி வழக்கு. 11 பேரில் 10 பேர் எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கிறது என்றார்கள். ஆலிவர் ஷ்ரைனர் ஒருவர் மட்டும், அந்த ஓட்டுரிமையை எடுப்பதற்கென்றே கட்டிய செனட் இது, சட்டம் சொன்ன செனட் ஆகாது என்று மாற்றுத் தீர்ப்பு எழுதினார். அவர் தலைமை நீதிபதி ஆகவே இல்லை. மூத்தவர் அவர் இருக்க, இன்னொருவரை உட்கார வைத்தார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இங்கே மணி அடிக்கும். 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் 7 பேர், சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று சொன்னார்கள். உடனே ஷெலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். நீதிமன்றத்தை இழுத்து மூட எந்த அரசும் விரும்புவதில்லை. நாற்காலிகளை எண்ணுவதும் அதில் யாரை உட்கார வைப்பது என்று பார்ப்பதும் போதும்.

இதெல்லாம் கேப்டவுன் கதை, நமக்கென்ன என்று டர்பன் தமிழர் நினைக்க முடியாது. 1950இல் வந்த குழுப்பகுதிச் சட்டம் எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று நிர்ணயித்தது. டர்பனைக் கூறு போட்ட அறிவிப்பை எதிர்த்து இந்தியர்கள் தொடுத்த வழக்கு 1961இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. இந்தியர்களுக்குப் பெரும் பாகுபாடு நடக்கிறது என்பதுதான் வாதம். நீதிபதி ஹோம்ஸ் அதை மறுக்கவே இல்லை. இந்தச் சட்டம் ஒரு மாபெரும் சமூகப் பரிசோதனை, மக்களை இடம்பெயர்க்கும்போது குலைவும் ஏற்றத்தாழ்வும் வரத்தான் செய்யும், நாடாளுமன்றம் அதை எண்ணிப் பார்த்தே சட்டம் போட்டிருக்க வேண்டும், இது எல்லோருக்கும் நன்மையாக முடியுமா என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை இல்லை என்கிற பொருளில் எழுதினார். ஒருவகையில் நேர்மையான தீர்ப்பு. நாடாளுமன்றமே மேல் என்றால் நீதிபதி வேறு என்ன எழுத முடியும்?

பக்கத்து வீட்டு அண்ணன் பிறந்தது மகசின் பாரக்ஸில். நகராட்சித் தொழிலாளர்களுக்கு சொம்ட்ஸு ரோட்டில் இருந்த வரிசை வீடுகள், பெரும்பாலும் தமிழர். கோயில், பள்ளிக்கூடம், நாடகக் குழு, கால்பந்து அணி என்று எல்லாம் அதற்குள். 1960களில் அதைக் காலி செய்து சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். அவருக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது. லாரிக்காரன் அம்மிக்கல்லை ஏற்ற மறுத்ததும், அவருடைய பாட்டி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்று சொன்னதும் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடைசியில் குழவியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். இன்று அதே சொம்ட்ஸு ரோட்டில் மாஜிஸ்திரேட் கோர்ட் நிற்கிறது. அந்த இடமாற்றத்துக்கு யாரிடமும் முறையிட வழி இருக்கவில்லை, ஏனென்றால் நாடாளுமன்றம் முறைப்படி போட்ட சட்டம் அது. இதைச் சொன்னபோது அண்ணன் சிரித்தார். "அப்ப நமக்கு ஓட்டே இல்லியே தங்கச்சி. இப்ப இருக்குதே." அதுவும் சரியான பதில்தான். ஆனால் இந்த நாட்டில் இந்தியர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. ஓட்டு கையில் இருந்தாலும் எந்த அவையிலும் நம் கை எண்ணிக்கை அதுதான்.

இன்னும் பின்னால் போனால் 1913. கேப்டவுனில் நீதிபதி சர்ல் மார்ச் 14 அன்று கொடுத்த தீர்ப்பு. பல தார மணத்தை அனுமதிக்கிற மதத்தின்படி நடந்த கல்யாணத்தை இந்த நாட்டுச் சட்டம் ஏற்காது என்றார். வந்தது ஒரு முஸ்லிம் பெண்ணின் குடியேற்ற வழக்கு. அடி விழுந்தது எல்லா இந்தியக் குடும்பங்களுக்கும். தாலி கட்டிய பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை, பிள்ளைகளுக்கு வாரிசுரிமை இல்லை. அந்தக் கோபத்தில்தான் பெண்கள் சத்தியாகிரகத்தில் இறங்கினார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போனதும், வெளியே வந்து 1914 பிப்ரவரியில் 16 வயதில் இறந்ததும் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் உண்டு. அந்தத் தீர்ப்பைச் சரி செய்தது 1914இல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம். ஆக, அன்றைக்கு நீதிமன்றம் பறித்தது, நாடாளுமன்றம் திருப்பிக் கொடுத்தது. நீதிமன்றம் என்றாலே காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் இதை ஒரு முறை படிக்க வேண்டும்.

பிறகு எது மாறியது? நீதிபதிகள் நல்லவர்களாகி விட்டார்கள் என்பதல்ல. அவர்கள் கையில் கொடுத்த ஏடு மாறியது. 1996 சாசனத்தின் இரண்டாம் பிரிவு, இதற்கு முரணான எந்தச் சட்டமும் செல்லாது என்கிறது. 172ஆம் பிரிவு, முரண் இருந்தால் நீதிமன்றம் அதை அறிவித்தே ஆக வேண்டும் என்கிறது. உயர் நீதிமன்றம் ஒரு நாடாளுமன்றச் சட்டத்தைத் தள்ளினால் அது உடனே அமலாகாது. அண்ணன் சொன்ன 11 பேர் உட்கார்ந்திருக்கும் அரசியல் சாசன நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும். 400 எம்.பி.க்களில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்தால், ஒரு சட்டத்தில் ஜனாதிபதி கையெழுத்திட்ட 30 நாளுக்குள் நேரடியாக அந்த நீதிமன்றத்துக்கே போகலாம். அங்கே நீதிபதிகளுக்குப் பதவி பொதுவாக 12 ஆண்டு, ஒரே முறைதான். மறுபடி நியமனம் கிடையாது என்பதால் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. 1955இல் ஸ்ட்ரெய்டொம் செய்ததைச் செய்ய இன்று சாசனத்தையே திருத்த வேண்டும். அதற்கு அவையில் மூன்றில் இரண்டு பங்கு. சட்டத்தின் ஆட்சியும் சாசனத்தின் மேலாண்மையும் எழுதியிருக்கிற முதல் பிரிவைத் தொட வேண்டுமானால் 75 சதவீதம், அதாவது 300 பேர், கூடவே ஒன்பது மாகாணங்களில் ஆறு. எம்.கே. கட்சிக்கு அவையில் 58 இடம்.

அந்தச் சாசனமே நீதிமன்றத்தின் முன் கைகட்டி நின்றது என்பது பலருக்குத் தெரியாது. 1994இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை எழுதிய சாசனம், முன்னரே ஒப்புக்கொண்ட 34 கொள்கைகளுக்குப் பொருந்துகிறதா என்று நீதிமன்றம் சான்று கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1996 செப்டம்பர் 6 அன்று நீதிபதிகள், பொருந்தவில்லை, திருத்திக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். டிசம்பரில் திருத்திய பிரதிக்குச் சான்று கிடைத்தது. டிசம்பர் 10 அன்று ஷார்ப்வில்லில் மண்டேலா கையெழுத்திட்டார். உலகில் வேறெங்கும் இப்படி நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. (அந்தச் சாசனத்தின் ஆறாம் பிரிவில் தமிழும் இருக்கிறது, ஆட்சிமொழியாக அல்ல, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாக. சாட்ஸ்வர்த் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினால் கண் விரியும். வீட்டுப்பாடம் எழுதி வருவார்களா என்பது வேறு.)

மண்டேலாவே அடி வாங்கியதும் உண்டு. 1995இல் உள்ளாட்சித் தேர்தல் ஏற்பாடுகளுக்காக, ஒரு சட்டத்தை ஜனாதிபதி தன் அறிவிப்பாலேயே திருத்தலாம் என்று நாடாளுமன்றம் அவருக்கு அதிகாரம் கொடுத்தது. அவரும் பயன்படுத்தினார். தேசியக் கட்சி ஆண்ட மேற்கு கேப் மாகாணம் வழக்குப் போட்டது. செப்டம்பரில் தீர்ப்பு: சட்டம் இயற்றும் வேலையை நாடாளுமன்றம் இன்னொருவரிடம் தூக்கிக் கொடுக்க முடியாது. மண்டேலா அன்றே அதை ஏற்பதாகப் பகிரங்கமாக அறிவித்தார். அவர் முகம் சுளித்திருந்தால் அந்த நீதிமன்றம் பிறந்த ஆண்டிலேயே முடமாகியிருக்கும் என்பது என் எண்ணம். 1952இல் பிரதமர் மலான் ஏற்க மாட்டேன் என்று சொன்னபோது நடந்ததை மேலே பார்த்தோம்.

இனி வீட்டு விஷயம்.

எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் வயதானவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்போம். ஓய்வூதியம், வீட்டுப் பத்திரம், இறப்புச் சான்றிதழ். ஒரு நாள் ஓர் அம்மா கல்யாண ஆல்பத்தைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை கோட்டு சூட்டில், தலைப்பாகையோடு. பெண்ணுக்கு நெற்றிச்சுட்டி கொஞ்சம் கோணல். ஓரத்தில் நாதஸ்வரக்காரர் பாதி முகம் மட்டும் விழுந்திருக்கிறார். தாலி கட்டியது, ஊர் சாப்பிட்டது, பிள்ளைகள் பிறந்தது எல்லாம் உண்மை. பதிவு மட்டும் செய்யவில்லை. 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி நம் குருக்கள்களும் பதிவு அதிகாரிகளாக இருக்க முடியும், ஆனால் எல்லாக் குருக்களும் அப்படி நியமனம் பெற்றவர்கள் இல்லை. "அய்யர் எழுதிட்டாருன்னு நெனச்சோம் கண்ணு." கணவர் உயில் எழுதாமல் போய்விட்டார். வீடு அவர் பேரில். ஓர் அலுவலகத்தில், நீங்கள் சட்டப்படி மனைவி இல்லை, அவருடைய வாரிசுகள் வந்து கையெழுத்துப் போடட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 1913இன் கதை கேப்டவுனோடு முடிந்தது என்று யார் சொன்னது?

ஆனால் இப்போது எங்களிடம் காட்ட ஒன்று இருந்தது. 2004இல் அரசியல் சாசன நீதிமன்றம், முஸ்லிம் முறைப்படி மட்டும் மணந்த பெண்ணும் வாரிசுரிமைச் சட்டத்தின்படி மனைவிதான் என்றது. அதே வழியில் சில ஆண்டுகள் கழித்து டர்பன் உயர் நீதிமன்றம், இந்து முறைப்படி மட்டும் நடந்த ஒருதார மணத்துக்கும் அது பொருந்தும் என்றது. உயிலில்லாமல் கணவர் இறந்தால் மனைவிக்குப் பங்கு உண்டு. தீர்ப்பின் நகலை எடுத்து, சம்பந்தப்பட்ட பத்திகளில் பென்சிலால் கோடு போட்டு, அந்த அம்மாவோடு அதே கவுன்ட்டருக்குப் போனோம். கவுன்ட்டரில் இருந்த பெண் அதை உள்ளே எடுத்துப் போனார். வெகுநேரம் கழித்து வந்து, வேறொரு படிவத்தை நீட்டினார்.

இதில் எனக்குத் திருப்தி பாதிதான். அதே டர்பன் நீதிமன்றம் 2007இல், பதிவு செய்யாத இந்து மணத்தில் இருந்த ஒரு பெண் விவாகரத்து கேட்டபோது மறுத்துவிட்டது. கணவன் செத்தால் மனைவி, பிரிந்தால் யாரோ. நீதிமன்றம் வழக்கு வழக்காகத்தான் போகும். ஒரு சட்டத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு வழக்கு, அடுத்த சட்டத்துக்கு இன்னொன்று. மொத்தமாக உட்கார்ந்து சரி செய்ய வேண்டியது நாடாளுமன்றம். முஸ்லிம் மணங்களுக்கு 2022 ஜூனில் அரசியல் சாசன நீதிமன்றம், விவாகரத்துச் சட்டமும் திருமணச் சட்டமும் சாசனத்துக்கு முரண் என்று சொல்லி 24 மாதம் கெடு கொடுத்த பிறகுதான் 2024 மே மாதம் திருத்தச் சட்டம் வந்தது. அண்ணனின் 11 பேர் அங்கே சட்டம் போடவில்லை. போட வேண்டியவர்களைப் போட வைத்தார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கெடுதான் இந்த நீதிமன்றத்தின் கைவழக்கம். செல்லாது என்று சொல்லும், ஆனால் உடனே தூக்கி எறியாது. ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு கொடுத்து, நீங்களே திருத்துங்கள் என்று திருப்பி அனுப்பும். நாகரிகமான முறை. பலவீனமும் அதில்தான். சுயேச்சைகள் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க முடியாது என்ற சட்டத்தை 2020 ஜூனில் தள்ளி 24 மாதம் கொடுத்தார்கள். அவை ஆடி அசைந்து, கெடுவை நீட்டிக் கேட்டு, இன்னொரு முறையும் நீட்டிக் கேட்டு, கடைசியில் 2023 ஏப்ரலில்தான் சட்டம் கையெழுத்தானது. நீதிபதிகள் அதிகாரத்தைக் கவர்ந்துகொள்கிறார்கள் என்று குற்றம் சாட்டுபவர்கள் இந்த இழுபறியைப் பார்த்தால், அவர்கள் எவ்வளவு தயங்குகிறார்கள் என்பது தெரியும். என் குறை அதற்கு நேர் எதிர். கெடு தவறினால் என்ன என்பதை இன்னும் கறாராகச் சொல்லலாம்.

சரி, அந்த 11 பேரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? தலைமை நீதிபதி, துணைத் தலைமை நீதிபதி தவிர மற்றவர்களுக்கு நீதித்துறை ஆணையம் பட்டியல் கொடுக்கிறது, அதிலிருந்து ஜனாதிபதி நியமிக்கிறார். ஆணையத்தில் 23 பேர். அதில் 6 பேர் நாடாளுமன்றக் கீழவையிலிருந்து (பாதிப் பேர் எதிர்க்கட்சி), 4 பேர் மாகாணங்களின் அவையிலிருந்து, 4 பேர் ஜனாதிபதி குறித்தவர்கள், கூட நீதி அமைச்சர். ஆக அரசியல்வாதிகளின் கை அங்கேயும் கணிசமாகவே இருக்கிறது. நேர்காணல்கள் தொலைக்காட்சியில் வருகின்றன. சில நேரம் பார்க்கச் சகிக்காது. நீதிபதியை நீக்குவதும் அவைதான், மூன்றில் இரண்டு பங்கில். 2024 பிப்ரவரியில் மேற்கு கேப் உயர் நீதிமன்றத் தலைவர் ஜான் ஹ்லோஃபேயை அப்படி நீக்கினார்கள். அதே ஆண்டு அவர் எம்.கே. எம்.பி. ஆனார், அவை அவரையே நீதித்துறை ஆணையத்துக்கு அனுப்பியது. நீக்கப்பட்ட நீதிபதி நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதா என்று வழக்கு. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. கதாசிரியர் எழுதியிருந்தால் மிகை என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

பெரிய தீர்ப்பு எது என்று இங்கே யாரைக் கேட்டாலும், மரண தண்டனையை ஒழித்த 1995 தீர்ப்பு அல்லது 2016இல் அரசுப் பணம் செலவான ஜூமாவின் நிகாண்ட்லா வீட்டு விவகாரத்தில் ஜனாதிபதியோடு நாடாளுமன்றமும் கடமை தவறியது என்ற தீர்ப்பு என்பார்கள். நான் வேறொன்றைச் சொல்வேன். 2006 ஆகஸ்ட், 'டாக்டர்ஸ் ஃபார் லைஃப்' வழக்கு. கருக்கலைப்புத் திருத்தச் சட்டம், மரபு வைத்தியர் சட்டம் இரண்டையும் நீதிமன்றம் தள்ளியது. சட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதையே அது பார்க்கவில்லை. நிறைவேற்றுவதற்கு முன்னால் மாகாணங்களின் அவை மக்களைக் கூப்பிட்டு முறையாகக் கேட்கவில்லை, அதுவே போதும் என்றது. அதே வழக்கில் பல் தொழில்நுட்பர் சட்டம் தப்பித்துவிட்டது, ஏனென்றால் அதில் மக்கள் யாரும் பெரிதாக அக்கறை காட்டவில்லை. 2016இல் நில மீட்புத் திருத்தச் சட்டம் போனதும், 2023 மே மாதம் மரபுத் தலைவர்கள் சட்டம் போனதும் இதே காரணத்தால்தான். அவசரமாகக் கூட்டம், தாமதமான அறிவிப்பு, மக்கள் சொன்னதை யாரும் படிக்காமல் ஓட்டெடுப்பு.

அண்ணனின் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இந்த வரிசையில்தான் இருக்கிறது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ஓட்டுப் போட்டதோடு உன் வேலை முடிந்தது என்று சொல்வது அவை. முடியவில்லை, இடையிலும் மக்களைக் கேட்டாக வேண்டும் என்று அவையைப் பிடித்து உட்கார வைத்தது யாரும் ஓட்டுப் போடாத அந்த 11 பேர்.

கேட்கிற கூட்டம் எப்படி இருக்கும் என்றால், சாட்ஸ்வர்த்தில் ஒரு மண்டபத்தில் நானும் போயிருக்கிறேன். மேஜையில் நாடாளுமன்றக் குழுவினர், பிளாஸ்டிக் நாற்காலிகளில் பாதிக்கு மேல் காலி. மசோதாவின் பிரதி ஆங்கிலத்திலும் சூலுவிலும் இருந்தது, எல்லோருக்கும் போதவில்லை. ஒரு பாட்டி எழுந்து தன் தெருவிளக்கைப் பற்றிப் பேச, தலைவர் பொறுமையாக, அம்மா அது நகராட்சி என்றார். பாட்டி உட்காரவில்லை, நகராட்சியும் நீங்களும் ஒரே கட்சிதானே என்றார். ஓரமாக ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்திருந்த இளைஞன் அதையும் பதிவு செய்துகொண்டான். பின்னால் யாராவது வழக்குப் போட்டால், அவை மக்களைக் கேட்டதா இல்லையா என்று நீதிபதிகள் புரட்டிப் பார்ப்பது அந்தப் பதிவைத்தான். தெருவிளக்கும் அதில் இருக்கும்.